மதாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை

பிரான்சுக்குப் போய் வந்தேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஈஃபில் கோபுரத்தில் ஏறினீங்களா?" என்பதுதான். ஏறவில்லை. பாரிஸ் பக்கமே நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. 2023 செப்டம்பரில், டூலூஸ் நகரத்தில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்கு நானும் என்னவரும் போயிருந்தோம். அதில் நான்கு ராத்திரி ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் போட்டோவில் இருக்கிறது.

டூலூஸிலிருந்து வடகிழக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் அவெரோன் என்ற மாவட்டம். மலையும் மேய்ச்சல் நிலமும் பள்ளத்தாக்குமாக இருக்கும். எங்கள் ஈரோட்டு ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தாளவாடி மலைமேல் போன மாதிரி; குளிர் மட்டும் இன்னும் நாலு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பாலியோன் என்ற சின்ன ஊர், லோத் ஆற்றங்கரையில். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நாங்கள் தங்கிய வீடு. கூரைக்கு நம்மூர் ஓடு கிடையாது. கல்லை மெல்லிசாகப் பிளந்து, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கூரை எத்தனை டன் கனக்குமோ! பார்த்ததுமே என்னவர் அண்ணாந்தபடி நின்றுவிட்டார்.

தம்பி மனைவி புதுச்சேரிப் பெண். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் கூட வந்ததால் பிழைத்தேன். இல்லாவிட்டால் நான் நான்கு நாளும் ஊமைதான்.

இந்த மாதிரி வீட்டை அங்கே 'ஷாம்ப்ர தோத்' என்கிறார்கள். விருந்தாளி அறை என்று அர்த்தம். லாட்ஜ் இல்லை, ஓட்டலும் இல்லை. குடும்பம் வசிக்கிற அதே வீட்டில் நமக்கும் அறை. அதற்குச் சட்டம் இருக்கிறது. ஐந்து அறைக்கு மேல் விடக்கூடாது, மொத்தம் பதினைந்து பேருக்கு மேல் தங்க வைக்கக்கூடாது, ஊர் மேயர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், காலை ஆகாரம் அறை வாடகையிலேயே சேர்த்தி. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கிராமத்து ஜனங்கள் பிழைப்புத் தேடிப் பட்டணம் போக, வீடுகள் பூட்டிக் கிடந்தனவாம். அந்த வீடுகளை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விட்டால் கிராமம் பிழைக்கும் என்று ஒரு செனட்டருக்குத் தோன்றியது. எமில் ஓபேர் என்று பெயர். 1951-ல் ஆல்ப்ஸ் பக்கம் முதல் வீட்டைத் திறந்தார்கள். 1955-ல் அதற்கு நாடு முழுவதும் ஒரு சங்கமே ஏற்பட்டது. விவசாயி வீட்டு அறைகளும் அதைத் தொட்டு வந்தவைதான்.

எங்களுக்கு ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 78 யூரோ. அப்போது ஒரு யூரோ கிட்டத்தட்ட 90 ரூபாய். கணக்குப் போட்டால் நெஞ்சு அடைக்கும், ஆகவே போடவில்லை. ராச்சாப்பாடு வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு 26 யூரோ.

இந்த ராச்சாப்பாட்டுக்கு 'தாப்ள தோத்' என்று தனிப் பெயர். இதற்கும் விதி உண்டு. தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் போடலாம். தெருவில் போகிறவர் உள்ளே வந்து உட்கார முடியாது. ஒரே சமையல்தான், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க முடியாது. எல்லாரும் வீட்டுக்காரர்களோடு அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்தக் கடைசி விதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கிளம்பும்போது எனக்கு இரண்டு கவலை. ஒன்று, சாப்பாடு. நாங்கள் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவோம். மாடும் பன்றியும் கிடையாது. வெள்ளிக்கிழமை சுத்த சைவம். அவெரோனோ மாட்டுக்குப் பேர் போன ஊர். பன்றிக்கறியைப் பொடிப் பொடியாக நறுக்கி, நாம் கறிவேப்பிலை தாளிப்பது போலக் கீரையில் கூடப் போட்டுவிடுவார்கள். 'சாலட்தானே' என்று நம்பி வாயில் வைக்க முடியாது. தம்பி மனைவி போன வாரமே டெலிபோனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்படி முன்கூட்டியே சொன்னால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால்தான் சங்கடம்.

இரண்டாவது கவலை, என்னவரின் சர்க்கரை. ஒன்பது வருஷமாக மாத்திரை. வேளை தவறினால் கை நடுக்கம் வந்துவிடும். பிரான்சு கிராமத்து ரெஸ்டாரண்டுகளில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் ஒன்றரை, இரண்டு மணிக்கு அணைத்துவிடுவார்கள். அப்புறம் ராத்திரி ஏழு, ஏழரை வரை காப்பிதான் கிடைக்கும், கவளம் கிடைக்காது. ஞாயிறு ராத்திரியும் திங்கட்கிழமையும் பல கடைகள் பூட்டு. ஆகவே பன்னிரண்டே காலுக்கெல்லாம் எங்கேயாவது உட்கார்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். என் கைப்பையில் பொட்டுக்கடலைப் பொட்டலம் எப்போதும் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். வீட்டம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். 'மதாம்' என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். கணவரும் இருக்கிறார், செம்மறி ஆட்டுப் பண்ணை, இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். ராச்சாப்பாடு வழக்கமாக எட்டு மணிக்காம். என்னவருக்காக ஏழரைக்கு மாற்றிக்கொண்டார்.

சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஒன்றுதான். நீள மர மேஜை. எங்களோடு இன்னொரு தம்பதியும் இருந்தார்கள், பையில் சிப்பி ஓடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோ கோயிலுக்கு நடைப்பயணம் போகிறவர்கள். பழனிக்குப் பாதயாத்திரை போவது போலத்தான். ஆயிரம் வருஷமாக ஜனங்கள் நடக்கிற பாதை அந்த ஊர் வழியாகப் போகிறது. மொத்தம் எட்டு பேர் உட்கார்ந்தோம்.

எட்டு பேர் என்றால் மதாமையும் சேர்த்து. அதுதான் எனக்கு வியப்பு. அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

முதலில் சூப், பெரிய பீங்கான் குண்டானில். அது மேஜை நடுவில் இருக்கிறது, கையால் கைக்கு மாறி மாறிப் போகிறது. பிறகு அடுப்புப் பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்த கினிக்கோழி, சுற்றிலும் காரட்டும் வெங்காயமும். பிறகு பச்சை இலை சாலட். பிறகு பலகையில் நான்கைந்து விதச் சீஸ். கடைசியில் பிளம்ஸ் பழத்தை அடுக்கிச் சுட்ட இனிப்பு. இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், மதாம் மொத்தம் மூன்று தடவைதான் எழுந்தார்.

இது எப்படிச் சாத்தியம் என்று மறுநாள் சாயங்காலம் அவர் சமையலறையிலேயே ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். இனிப்பு காலையிலேயே சுட்டாகிவிட்டது. சீஸ் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தாகிவிட்டது, குளிர் விட்டால்தான் ருசியாம். சூப் கொதித்து மூடி இருக்கிறது. கறி அடுப்புக்குள் தானாக வெந்துகொண்டிருக்கிறது. பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஐந்தரை மணிக்கே தட்டு, கிண்ணம், தண்ணீர் எல்லாம் மேஜைமேல். ஆக, காத்திருக்கக்கூடிய பண்டங்களாகப் பார்த்துச் சமைக்கிறார். நம் தோசை காத்திருக்குமா? பூரி காத்திருக்குமா? கல்லிலிருந்து தட்டுக்குப் போனால்தானே அதற்கு மதிப்பு. சுடச் சுடப் போடுவதற்கு ஒரு ஆள் நின்றுகொண்டே இருந்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்று வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டு வரிசையில் இன்னொரு லாபமும் கண்டேன். சூப், காய், கறி எல்லாம் முதலில் உள்ளே போகின்றன. இனிப்பு கடைசியில், அதுவும் ஒரு சின்னத் துண்டு. காயும் கறியும் முதலில் சாப்பிட்டு, மாவுப் பண்டத்தைப் பிறகு சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று இப்போது டாக்டர்களும் சொல்கிறார்கள். என்னவர் ரொட்டிக் கூடையை மட்டும் தூரத் தள்ளிவிட்டால் போதும் என்று இருந்தது. அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

அந்த முதல் ராத்திரிக்கே வருகிறேன். கோழி முடிந்ததும் பழக்க தோஷத்தில் நான் எழுந்து தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். மதாம் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது என்கிறாங்க, அண்ணி" என்றாள் தம்பி மனைவி. பிறகு மதாம் கேட்டார், உங்கள் வீட்டில் யார் பரிமாறுவது என்று. நான்தான் என்றேன். அப்படியானால் நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்னவர் குனிந்து தட்டைப் பார்த்தபடி தம்பியிடம் தமிழில், "இவ கடைசியில சாப்பிடுவா. டிவியில நியூஸ் முடிஞ்ச பிற்பாடு, தனியா" என்றார். தம்பி, "மாமா, அதையெல்லாம் எதுக்கு..." என்று இழுத்தான். அவன் மனைவியோ ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொல்லிவிட்டாள்.

மதாம் சிரிக்கவில்லை, 'அடப் பாவமே' என்றும் சொல்லவில்லை. தன் அம்மாவும் இதே மேஜையில் உட்கார்ந்ததே கிடையாது என்றார். பண்ணை ஆட்களும் அப்பாவும் சட்டைப் பையிலிருந்து அவரவர் கத்தியை எடுத்து ரொட்டியை அறுத்துச் சாப்பிடுவார்களாம். அம்மா அடுப்பருகே நின்றபடி கிண்ணத்தைக் கையில் வைத்துக் குடித்துக்கொள்வாராம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இவரும் அப்படித்தான் இருபது வருஷம். விருந்தாளி அறை திறந்த பிறகுதான், வீட்டுக்காரர்களோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்ற விதிக்காக, கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தாராம். "என் வீட்டு மேஜையில் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது வழிப்போக்கர்கள்தான்" என்று அவர் சொன்னதைத் தம்பி மனைவி சொன்னபோது எனக்கு என்னவோ தொண்டை அடைத்தது. அறைப் பணம் அவர் பெயரிலேயே பாங்கில் சேருகிறது. பண்ணை நஷ்டப்பட்ட இரண்டு வருஷம் அதுதான் வீட்டைத் தாங்கியதாம். அவர் கணவர் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

என்னவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து நான் உட்காராமல் அவர் ஸ்பூனைத் தொடவில்லை.

காலை ஆகாரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டி, வெண்ணெய், வீட்டில் காய்ச்சிய ஜாம், ஆரஞ்சுப் பூ வாசனையோடு ஃபுவாஸ் என்ற அந்த ஊர் இனிப்பு ரொட்டி. காப்பியை டம்ளரில் தருவதில்லை. கஞ்சி குடிக்கிற மாதிரி பெரிய கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியை அதிலேயே முக்கித் தின்கிறார்கள். நாலாம் நாள் எனக்குச் சட்னி ஞாபகம் வந்து கண்ணில் தண்ணீர் வராத குறை.

வியாழக்கிழமை எஸ்தான் என்ற ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் போனோம். குன்றின்மேல் ஒரு பழைய கோட்டை. முன்னாள் ஜனாதிபதி ழிஸ்கார் தெஸ்தான் 2005-ல் வாங்கியது. அங்கே ஒரு சின்ன ரெஸ்டாரண்டில் மத்தியானச் சாப்பாடு 18 யூரோ. உட்கார்ந்ததும் 'உன் காராஃப் தோ' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரை ஜாடியில் காசில்லாமல் வைப்பார்கள். வெறுமனே 'தண்ணீர்' என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். பரிமாறுகிற கூலி விலையிலேயே சேர்ந்தது, டிப்ஸ் இஷ்டப்பட்டால் கொடுக்கலாம். அந்தக் கடையில்தான் ஃபார்சூ சாப்பிட்டேன். பார்த்தால் நம் கீரை அடைதான்! கடல் கடந்து வந்து கீரை அடை சாப்பிடுவேன் என்று யார் கண்டது? அங்கிருந்து கோங்க் என்ற ஊருக்குப் போய் ஆயிரம் வருஷப் பழமையான மாதா கோயில் மாதிரியான மடத்துக் கோயிலைப் பார்த்தோம். பியேர் சூலாழ் என்ற ஓவியர் 1994-ல் அதற்கு வண்ணமே இல்லாத வெள்ளைக் கண்ணாடி ஜன்னல்கள் செய்து வைத்திருக்கிறார். வெயில் சாயச் சாய அதுவே நிறம் மாறுகிறது.

வெள்ளிக்கிழமை என் சைவத்துக்காக மதாம் பரங்கிக்காயைப் பாலேடும் சீஸும் போட்டுச் சுட்டிருந்தார். கூடவே அக்ரோட் எண்ணெய் விட்ட பருப்பு சாலட். அவர் பாட்டியும் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாராம், கத்தோலிக்கர்களின் பழைய நியமம். அதற்காகவே அந்தப் பக்கத்தில் காய்ந்த கருவாட்டை ஊறவைத்து உருளைக்கிழங்கோடு பிசைகிற ஒரு பண்டம் இருக்கிறது. கருவாடு நார்வேயிலிருந்து கப்பலில் வந்து, ஆற்றுப் படகில் மலையேறியதாம். மற்றவர்களுக்கும் அன்று கறி கிடையாது. யாரும் முணுமுணுக்கவில்லை.

சனிக்கிழமை ஒப்ராக் மேட்டுநிலத்துக்குப் போனோம். அம்மாடி, அந்த மாடுகள்! கோதுமை நிறம், வளைந்த கொம்பு, இரண்டு கண்ணையும் சுற்றி மை தீட்டிய மாதிரி கறுப்பு. எங்கள் காங்கேயம் காளையைப் பார்த்து வளர்ந்தவளே நான், ஆனாலும் நின்று பார்த்தேன். மே மாதக் கடைசியில் பூ வைத்து அலங்கரித்து மேலே ஓட்டி வருவார்கள், அக்டோபரில் குளிருக்குப் பயந்து கீழே இறக்குவார்கள். அந்த ஊர்ச் சீஸ் அழிந்துபோகாமல் 1960-ல் இளம் விவசாயிகள் கூட்டுறவு அமைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அலிகோ சாப்பிட வேண்டும் என்றால் அங்கேதான். மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், பாலேடு, பூண்டு. அதில் 'தோம்' என்ற புதுச் சீஸை ஒரு கிலோ கிழங்குக்கு 400 கிராம் கணக்கில் போட்டு, மரத்துடுப்பால் கிண்டுகிறார்கள். ராகிக் களி கிண்டுகிற அதே தோள் வலி, அதே விடாப்பிடி. பதம் வந்ததும் துடுப்பைத் தூக்கினால் ஜவ்வு மிட்டாய் மாதிரி ஆள் உயரத்துக்கு நீள்கிறது. பரிமாறுகிறவர் மேஜைக்கே கொண்டுவந்து, தூக்கிக் காட்டி, கத்தரிக்கோலால் வெட்டித் தட்டில் போட்டார். அந்தக் காலத்தில் மலைமேல் மடத்துக்கு வந்த யாத்திரீகர்கள் 'ஏதாவது கொடுங்கள்' என்று லத்தீனில் கேட்டதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். வழக்கமாகப் பன்றி சாசேஜோடு வரும். நாங்கள் சாலட்டோடு கேட்டு வாங்கினோம். காய் முதலில் என்ற நியாயமெல்லாம் அலிகோவிடம் பலிக்காது. என்னவருக்கு இரண்டே கரண்டி. மூன்றாவது கரண்டிக்கு அவர் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து ஊர் லாகியோல். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 'லயோல்' என்றுதான் சொல்கிறார்கள். ஈ பொறித்த மடக்குக் கத்திக்குப் பேர் போன ஊர். மிஷெல் ப்ரா என்ற உலகப் புகழ் சமையல்காரரும் இந்த ஊர்தான். தன் தாயாரின் அடுப்படியிலேயே கற்றவர். அவர் ரெஸ்டாரண்டுக்கு 1999-ல் மிஷெலின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. 2017-ல் அவர் மகன் அந்த மன உளைச்சலே வேண்டாம், புத்தகத்திலிருந்து எங்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போகிற அளவுக்கு எங்கள் பர்ஸ் பெரிசில்லை. பாரிஸில் காப்பிக்கடை வைத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் இந்த மலைக்காரர்கள்தான் என்று தம்பி சொன்னான். விறகும் கரியும் விற்கப் போய்க் கடை போட்டவர்கள். உடுப்பிக்காரர்கள் நம்மூரில் ஓட்டல் வைத்தது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது சுற்று வழியாக, 2004-ல் திறந்த மியோ பாலத்தைப் பார்த்துவிட்டு, ரோக்ஃபோர் சீஸ் பழுக்க வைக்கிற குகைக்குள் போனோம். மலை வெடிப்பு வழியாக வருகிற ஈரக்காற்றுதான் அங்கே குளிர்ப்பெட்டி. ஆட்டுப்பால் சீஸில் நீலப் பூஞ்சணம் பூக்க வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தக் குகைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மரச் செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்தச் சில்லிட்ட இருட்டில் நின்றபடியே ஒவ்வொரு சீஸையும் சுரண்டித் திருப்பி வைப்பார்களாம். 'கபானியேர்' என்று அவர்களுக்குப் பெயர். பழைய போட்டோவில் வரிசையாக நிற்கிறார்கள். சீஸின் பெயர் உலகத்துக்கே தெரியும். இந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட எனக்கு அங்கே கண்ணில் படவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். கார் இல்லாமல் இந்தப் பக்கம் சுற்ற முடியாது. வீட்டில் தங்கினால் ராச்சாப்பாடு தருகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்; எல்லா வீட்டிலும் தருவதில்லை. மருந்து மாத்திரையைச் சீட்டோடு எடுத்துப் போங்கள்.

ஃபார்சூ பக்குவத்தை மதாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு கட்டு பாலக்கீரை, ஒரு வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கைப்பிடி பார்ஸ்லி. நான் கொத்தமல்லி போடுகிறேன். எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து, அடை மாவுப் பதம் வருகிற வரை மைதா அல்லது கோதுமை மாவு தூவிக் கலக்குங்கள். உள்ளங்கை அளவில் தட்டி, எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் போதும். ஆறினாலும் நன்றாக இருக்கும் என்பதுதான் இதில் விசேஷம். ஏழு மணிக்கே சுட்டு அடுக்கிவிடலாம். எங்கள் வீட்டில் புதன்கிழமை ராத்திரி இதுதான், கூட ஒரு ரசம். தட்டு மூன்றையும் என்னவர் எடுத்து வைக்கிறார். மாமியாருக்கு மட்டும் உறைப்புப் போதவில்லை. அவர் பங்கு மாவில் பச்சை மிளகாய் இரண்டு கூட.